மேல்மாடிக்காரர் கீழே படுத்தபோது

துறைமுகத்தில் அவருக்கு மேல்மாடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏணியைப் பிடித்து அதற்குள் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறங்குவார். அப்படிப்பட்ட மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவர் மனைவிக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. கோபம் வந்தால் மட்டும் பின்னால் 'காலி' என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்வார். கோபம் அடிக்கடி வரும்.

தரையில் அவர் அப்படியொன்றும் சாமர்த்தியசாலி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டம்ளரைத் தட்டிவிடுவார், கதவில் முழங்கையை இடித்துக்கொள்வார், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீட்டையே தலைகீழாகப் புரட்டுவார். தெருவைக் கடக்க ஒரு யுகம் ஆகும். ஆனால் கூண்டுக்குள் உட்கார்ந்து இரண்டு லிவரையும் பிடித்துவிட்டால் ஆளே வேறு. ஒரு வீடு அளவுக்குப் பெரிய இயந்திரத்தைக் கப்பலின் வயிற்றிலிருந்து தூக்கி, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுவது போல லாரியில் இறக்குவார். லாரியின் ஸ்பிரிங் முனகாது.

இதில் பாதிப் புகழ் கீழே நிற்கிறவருக்குச் சேர வேண்டும். கூண்டிலிருந்து பார்த்தால் கப்பலின் அடிவயிறு தெரியாது, லாரியின் மறுபக்கம் தெரியாது, சில நேரம் கொக்கியில் தொங்குவதே தெரியாது. கீழே ஒருவர் நின்று கையால் சொல்ல வேண்டும்: தூக்கு, இறக்கு, இடப்பக்கம், மெதுவாக, நிறுத்து. அந்த வேலையைச் செய்தவர் மேல்மாடியின் மனைவியுடைய தம்பி. அக்காவைக் கட்டிக்கொடுத்த கையோடு தம்பியையும் தலையில் கட்டிவிட்டார்கள் என்று துறைமுகத்தில் கிண்டல் செய்வார்கள். மேல்மாடி அவரை மச்சான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் துறைமுகத்துக்கே அவர் மச்சான் ஆகிவிட்டார். நாமும் அப்படியே கூப்பிடுவோம். குள்ளமான ஆள். மேலிருந்து பார்த்தால் ஒரு மஞ்சள் தொப்பியும் ஒரு கையும்தான் தெரியும். அந்தக் கையை நம்பிய அளவுக்கு மேல்மாடி தன் சொந்தக் கண்ணைக்கூட நம்பியதில்லை.

அவர்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. தன் ஆள் கைகாட்டாமல் கிரேன்காரர் லிவரைத் தொடக் கூடாது. வேறு யார் கைகாட்டினாலும், அது துறைமுகத்துக்கே பெரிய அதிகாரியாக இருந்தாலும், கண்டுகொள்ளக் கூடாது. ஒரே ஒரு சைகைக்குத்தான் விலக்கு. உள்ளங்கையை விரித்துக் கையை உயர்த்தினால் நிறுத்து என்று அர்த்தம். அதை யார் காட்டினாலும், வழி தவறி வந்த டீக்கடைக்காரன் காட்டினாலும், நிறுத்தியே ஆக வேண்டும். ஏன், எதற்கு என்ற விசாரணையெல்லாம் அப்புறம். நிறுத்து என்றால் அப்படியே நிறுத்துவது. ஏற்றவும் கூடாது, இறக்கவும் கூடாது; லோடு இருக்கிற இடத்திலேயே அந்தரத்தில் தொங்க வேண்டும்.

இந்தப் பழக்கம் வீடுவரைக்கும் வந்துவிட்டது. தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால் மச்சான் பெருவிரலைக் கீழே காட்டுவார், மேல்மாடி குறைப்பார். தட்டில் போட்டது போதும் என்றால் உள்ளங்கை உயரும். "இது வீடா, துறைமுகமா? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா ரெண்டு பேருக்கும்?" என்று மனைவி கேட்பார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு அவர்களிடம் சைகை இல்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஏணியில் பாதி வழியில் நெஞ்சு இறுக ஆரம்பித்தது. முதலில் வாய்வு என்றார். பிறகு ஏணி சரியில்லை என்றார். ஏணியைப் பழுதுபார்க்கிறவர் வந்து தட்டிப் பார்த்து, ஏணி நன்றாக இருக்கிறது, ஏறுகிற ஆள்தான் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி விடவில்லை. இழுத்துக்கொண்டு போய் மருத்துவமனையில் நிறுத்தினார். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, மருந்தைச் செலுத்திப் படம் எடுத்துப் பார்த்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று, ஓரிடத்தில் காலால் மிதித்த தோட்டத்துக் குழாய் போலச் சப்பிப்போய்க் கிடந்தது.

டாக்டர் ஒல்லியான மனிதர். நாற்காலியில் உட்காரும்போது ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். ஸ்டென்ட் வைத்துவிடலாம், ஒரு சின்ன வலைக்குழாய், அது உள்ளே போய் விரிந்து அடைப்பைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும் என்றார். அதுவரைக்கும் மேல்மாடிக்குப் புரிந்தது. பிறகு, ஸ்டென்ட் வைக்கிற அறைக்குள் அவரைப் படுக்க வைத்துத் தயார் செய்யும்போதுதான் மேசையின் பக்கவாட்டில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பெரிய கை நிற்பதைப் பார்த்தார்.

"இது என்ன சார்?"

"ரோபோ. இந்தக் கைதான் கம்பியையும் ஸ்டென்டையும் உள்ள கொண்டுபோகும். நான் அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி உட்கார்ந்து லிவரை அசைப்பேன். நான் அங்க அசைச்சா இது இங்க அசையும்."

"அப்ப நீங்க இங்க இருக்க மாட்டீங்களா?"

"இங்கதான் இருப்பேன். அங்க."

"இங்கயா, அங்கயா சார்?"

டாக்டர் பொறுமையான மனிதர்தான். இதெல்லாம் தானாக எதையும் செய்யாது, தான் சொன்னதைத்தான் செய்யும் என்றார். நாள் முழுக்க எக்ஸ்ரே பக்கத்தில் நிற்பது தங்களுக்கு நல்லதில்லை என்றார். ஈயக் கவசத்தைச் சுமந்து சுமந்து தன் முதுகு போய்விட்டது, உட்கார்ந்து செய்தால் நிதானமாகச் செய்யலாம், கம்பியை ஒரு மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டராக நகர்த்தலாம் என்றார். மேல்மாடி எல்லாவற்றையும் கேட்டார். தன் நெஞ்சுக்கும் டாக்டரின் முதுகுக்கும் என்ன சம்பந்தம் என்பது மட்டும் அவருக்கு விளங்கவில்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் யாரோ முடிச்சுப் போடுகிற மாதிரி இருந்தது. மேசையிலிருந்து காலைத் தொங்கப்போட்டார்.

"என் சட்டை எங்க?" என்று கேட்டார்.

சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேவிட்டார். "இந்தக் குழாய் முழுசா அடைச்சுக்கிட்டா, அடுத்த தடவை நீங்க நடந்து வர மாட்டீங்க" என்று டாக்டர் பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது. விழுந்தும் நடந்தார்.

வீட்டில் மனைவி ஆடிய ஆட்டத்தை விவரிக்க வேண்டாம். மேல்மாடி காலி என்பதோடு நிற்கவில்லை. அஸ்திவாரமே காலி என்றார். சொல்லிக்கொண்டே அழுதார். மச்சானை வரவழைத்தார்.

"டேய், நீயாவது சொல்லுடா இந்த மனுஷனுக்கு."

மச்சான் எதிரில் உட்கார்ந்தார். "என்ன மாமா இது? பிடிவாதம் பிடிக்கிற விஷயமா?"

"பக்கத்துல நின்னு கையால செஞ்சா சரி மச்சான். அடுத்த ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு என் நெஞ்சுக்குள்ள லோடு இறக்குவாராம். இது எந்த ஊர் நியாயம்?"

"நீங்க மட்டும் என்ன பக்கத்துல நின்னா தூக்குறீங்க?"

மேல்மாடி வாயைத் திறந்தார். இது அவருக்குத் தோன்றவே இல்லை. தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்தது. அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்றுதான் தெரியவில்லை, நெற்றியில் ஏறிய மூக்குக் கண்ணாடி மாதிரி.

"அது வேற" என்றார்.

"எப்படி வேற?"

"எனக்குக் கீழ நீ நிக்கிற. கைகாட்டுற. அங்க யாரு கைகாட்டறது? ஆளில்லாம லோடு தூக்கலாமா? நீயே சொல்லு."

மச்சான் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் மாறியது. "அதுவும் நியாயம்தான்" என்றார்.

"நியாயமா! உன்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டேனே, என் புத்தியைச் சொல்லணும்" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

ஒருவர் குழம்பினால் தெளிய வைக்கலாம். இருவர் சேர்ந்து ஒரே இடத்தில் குழம்பினால் அதற்குக் கொள்கை என்று பெயர் வந்துவிடும். இந்தக் கொள்கையோடு மேல்மாடி சில நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு காலை, ஒன்றுமில்லாத வேலை, கடைக்குப் போய் ஒரு பல்புடன் வந்தவர், வீட்டுப் படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. வியர்த்துக் கொட்டியது. மேலே பார்த்தால் வீட்டுக் கதவு, கீழே பார்த்தால் தெரு. இரண்டுக்கும் போக முடியவில்லை. பயம் என்றால் இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். மனைவி வந்து தூக்கும்போது, "டாக்டர்கிட்ட போலாம். ஆனா மச்சான் நிக்கணும்" என்றார்.

டாக்டரிடம் மச்சானே பேசினார்.

"நீங்க நின்னு என்ன செய்வீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"சும்மா நிப்பேன் சார். அவரு என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தா அசைய மாட்டாரு. பழக்கம்."

ஓடிப்போன நோயாளி தானாகத் திரும்பி வந்திருக்கிறார். விட்டால் மறுபடி சட்டையைத் தேடுவார். டாக்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தன் நாற்காலிக்குப் பின்னால், ஒரு மூலையில் நிற்கலாம், வாயைத் திறக்கக் கூடாது என்றார். மச்சான் தலையாட்டினார். வாயைத் திறக்காமல் வேலை செய்வதுதானே அவர் தொழில்.

அறை குளிராக இருந்தது. மேசை ஒடுக்கமாக இருந்தது. மேல்மாடியின் அகலத்துக்கு அது பலகை. மேலே எக்ஸ்ரே இயந்திரம், ஒரு பெரிய வளைவு, அவர் முகத்துக்கு மேல் வந்து தொங்கியது. இத்தனை வருஷம் மேலிருந்து கீழே பார்த்த மனிதருக்கு, கீழே கிடந்து மேலே பார்ப்பதே தலைசுற்றலாக இருந்தது. எது தொங்குகிறது, எதில் தொங்குகிறது, கொக்கி எங்கே என்று கண் தன்னாலே தேடியது. கொக்கி இல்லை.

டாக்டர் ஈயக் கவசத்தோடு பக்கத்தில் வந்து நின்றார். வலது மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, குழாயைத் தன் கையாலேயே உள்ளே செலுத்தினார். மேல்மாடிக்கு நிம்மதியாக இருந்தது. கையால்தானே செய்கிறார், வீணாக அலட்டிக்கொண்டோமே என்றுகூட நினைத்தார். குழாய் போக வேண்டிய இடத்துக்குப் போனதும் டாக்டர் அதன் வெளிமுனையை அந்தப் பிளாஸ்டிக் கையில் பொருத்தினார். பொருத்திவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போய்த் தன் கவசத்தைக் கழற்றி மாட்டினார். மேல்மாடி திகைத்தார். வேலை ஆரம்பிக்கும்போது தலைக்கவசம் போடுவதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். ஆரம்பிக்கும்போது கழற்றுகிறவரை இப்போதுதான் பார்த்தார்.

பக்கத்தில் சிஸ்டர் மட்டும் நின்றார். நடுத்தர வயது, கழுத்திலிருந்து முழங்கால்வரை ஈயக் கவசம், கண்கள் மட்டும் தெரிகிற முகமூடி. "நீங்க போகலையா?" என்று மேல்மாடி கேட்டார்.

"நான் போனா உங்களை யாரு பாத்துக்கறது?" என்றார் சிஸ்டர்.

கண்ணாடிக்குப் பின்னால் டாக்டரின் தலை உச்சியும், அதற்குப் பின்னால் மூலையில் மச்சானின் முகமும் தெரிந்தன. மஞ்சள் தொப்பி இல்லாமல் மச்சான் யாரோ மாதிரி இருந்தார். கூரையில் இருந்த ஒலிபெருக்கி டாக்டரின் குரலில் பேசியது. "ஆரம்பிக்கிறேன். வலி இருக்காது. சும்மா படுத்திருங்க."

பிளாஸ்டிக் கைக்குள் ஏதோ மெல்லச் சுழன்றது. கம்பி உள்ளே போகிறதாம். மேல்மாடிக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாததுதான் அவரைப் படுத்தியது. யார் இங்கே கிரேன்காரர்? டாக்டர் என்றால், லிவர் அவரிடம் இருக்கிறது, சரி. அப்படியானால் சிஸ்டர் கைகாட்டுகிற ஆளா? ஆனால் சிஸ்டர் ஒன்றுமே காட்டவில்லை. டாக்டர்தான் ஒலிபெருக்கியில் அவருக்குச் சொல்கிறார், "ஸ்டென்டை ஏத்துங்க சிஸ்டர்" என்று. சிஸ்டர் ஏற்றுகிறார். அப்படியானால் டாக்டர் கைகாட்டுகிறவர், சிஸ்டர் கிரேன்காரர். அப்போது அந்த இயந்திரக் கை யார்? மச்சான் யார்? எல்லாவற்றையும் விட, நான் யார்? லாரியா, கப்பலா? இப்படி ஒரு மனிதர் தன் இதயத்துக்குள் கம்பி போய்க்கொண்டிருக்கும்போது யோசிப்பாரா என்று கேட்டால், இவர் யோசித்தார். கண்ணாடிக்குப் பின்னால் மச்சானின் வலது கை, இடுப்பளவில், தன்னை அறியாமல் அசைந்துகொண்டிருந்தது: மெதுவாக, மெதுவாக. அதைப் பார்த்தபோது மட்டும் மேல்மாடிக்கு மூச்சு சீராக வந்தது.

"இடத்துக்கு வந்தாச்சு" என்றது ஒலிபெருக்கி. "இப்ப பலூனை விரிக்கப்போறோம். கொஞ்ச நேரம் நெஞ்சு இறுக்கும். பயப்படாதீங்க, அசையாதீங்க. சிஸ்டர், அழுத்துங்க."

சிஸ்டர் கையில் ஒரு பம்பு இருந்தது. அதன் வட்ட முள்ளைப் பார்த்தபடி திருகினார். உள்ளே, எங்கேயோ, ஸ்டென்டைச் சுமந்த பலூன் விரிந்தது. விரிந்த பலூன் அந்த ரத்தக் குழாயை அந்த நேரத்துக்கு முழுக்கவே அடைத்தது.

படிக்கட்டில் வந்த அதே முழங்கால் நெஞ்சில் ஏறியது. கொஞ்சம் இறுக்கும் என்றார்களே, இதுவா கொஞ்சம்? டாக்டர் சொன்னது அத்தனையும் மறந்துபோயிற்று. மேல்மாடியின் இடது கை உயர்ந்தது. அவர் உயர்த்தவில்லை, அது உயர்ந்தது. உள்ளங்கை விரிந்தது.

"நிறுத்து!"

ஒலிபெருக்கியே நடுங்கும்படி கத்தியது டாக்டர் இல்லை, மச்சான். துறைமுகத்தின் இரைச்சலைத் தாண்டிக் கப்பலின் அடிவயிறுவரை கேட்கிற குரல் அது. டாக்டர் லிவரிலிருந்து கையை எடுத்துவிட்டார். காதுக்குப் பின்னால் அப்படி ஒரு கத்தல் கேட்டால் யாரும் எடுப்பார்கள். கம்பி ஏதாவது விலகிவிட்டதா, நோயாளி எழுந்துவிட்டாரா என்று திரையைப் பார்த்தபடி, "சிஸ்டர், அப்படியே இருங்க! எதையும் தொடாதீங்க!" என்றார். சிஸ்டர் அப்படியே நின்றார், பம்பை அழுத்திய கையோடு.

நின்றது. எல்லாம் நின்றது. மேல்மாடி கேட்டபடி, சட்டப்படி, நின்றது. பலூன் விரிந்த இடத்தில் விரிந்தபடியே நின்றது. முழங்கால் நெஞ்சின் மேல் ஏறியபடியே நின்றது.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நிறுத்தச் சொன்னேனே, நிறுத்திவிட்டார்களே, பிறகு ஏன் இன்னும் வலிக்கிறது? பிறகு புரிந்தது. நிறுத்தினால் லோடு இறங்காது. அந்தரத்தில் தொங்கும். தொங்குகிற லோடுக்கு நேர் கீழே படுத்துக்கொண்டு நிறுத்து என்று கைகாட்டிய முட்டாள் தொழிலிலேயே தான் ஒருவர்தான் என்பதும் புரிந்தது.

"இறக்கு" என்றார். குரல் வரவில்லை. "இறக்குங்க…"

சிஸ்டர் குனிந்து, தன் இன்னொரு கையால், தூக்கியிருந்த அவருடைய இடது கையைப் பிடித்து மெல்ல இறக்கி மேசையில் வைத்தார். "இறக்கியாச்சு, இறக்கியாச்சு. பயப்படாதீங்க" என்றார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மேல்மாடிக்கு வலியோடு வலியாக அழுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை.

அதற்குள் டாக்டர் திரையில் எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டார். "ஒண்ணும் ஆகல. அழுத்தத்தை இறக்குங்க சிஸ்டர்" என்றார். பம்பு தளர்ந்தது. முழங்கால் மெல்ல மெல்ல நெஞ்சை விட்டு எழுந்து போயிற்று. எல்லாம் ஒரு பெருமூச்சு நேரத்துக்குள் நடந்து முடிந்த காரியம்தான். மேல்மாடியைக் கேட்டால் அரை நாள் என்பார்.

எக்ஸ்ரேயை அணைத்துவிட்டு டாக்டரே உள்ளே வந்தார். கோபமாக இருந்தார், ஆனால் கோபத்தைக் காட்டுகிற இடம் இது இல்லை என்று தெரிந்த கோபம்.

"கையை ஏன் தூக்கினீங்க?"

"வலிச்சுது சார்."

"வலிக்கும்னு சொன்னேனே."

"சொன்னீங்க. சொன்னது வேற, வந்தது வேற."

டாக்டர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இதைக் கேளுங்க. ஸ்டென்ட் விரிஞ்சிருக்கு. ஆனா ஒரு ஓரம் குழாயோட சுவர்ல சரியா ஒட்டல. இப்படியே விட்டா அங்க ரத்தம் கட்டிக்கும். இன்னொரு தடவை அழுத்தணும். அதே மாதிரி இறுக்கும். நீங்க அசையக் கூடாது, கை தூக்கக் கூடாது. முடியுமா?"

"மச்சான்…" என்று மேல்மாடி கண்ணாடியைப் பார்த்தார். மூலை காலியாக இருந்தது.

"அவரை வெளிய அனுப்பிட்டேன். என் காது இன்னும் கேக்கல."

கேட்கலாமா கூடாதா என்று தெரியாமலே மேல்மாடி கேட்டார். "அங்க உட்கார்ந்து செய்யும்போது நான் உங்க கண்ணுக்குத் தெரிவேனா சார்?"

டாக்டர் பொய் சொல்கிறவர் இல்லை. "உங்க ரத்தக் குழாய் தெரியும். கம்பி முனை தெரியும். கண்ணு முழுக்க அதுலதான் இருக்கும். உங்க முகத்தைப் பார்க்க மாட்டேன். அதுக்குத்தான் சிஸ்டர் இருக்காங்க. வலி தாங்கலன்னா கையைத் தூக்காதீங்க, அவங்ககிட்ட வாயால சொல்லுங்க."

மேல்மாடி தலையாட்டினார். தலையாட்டலாமா என்பதும் சந்தேகமாக இருந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார். டாக்டர் போனார். மறுபடி ஒலிபெருக்கி பேசியது. இந்த முறை பார்ப்பதற்குக் கண்ணாடிக்குப் பின்னால் மச்சான் இல்லை. அந்த இயந்திரக் கையைப் பார்த்தார். அதற்கு முகம் இல்லை. சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டரின் கண்கள் பம்பின் முள்ளுக்கும் அவர் முகத்துக்கும் மாறி மாறி வந்துபோயின.

முழங்கால் மறுபடி ஏறியது. இடது கை தன்னாலே எழப் பார்த்தது. மேசை விரிப்பைக் கொத்தாகப் பிடித்து அதை அங்கேயே வைத்தார். யாரிடம் தன்னை ஒப்படைத்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. டாக்டரிடமா, சிஸ்டரிடமா, அந்தக் கையிடமா, இவர்கள் எல்லாருக்கும் நடுவில் போகிற மின்கம்பியிடமா? ஒன்று மட்டும் தெரிந்தது: தான் இப்போது செய்யக்கூடிய ஒரே வேலை சும்மா கிடப்பது. வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலையை அவர் செய்ததில்லை. கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கவில்லை.

"முடிஞ்சது" என்றது ஒலிபெருக்கி. "நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

பிறகு அவரை வேறு அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மணிக்கட்டில் ரத்தம் கசியாமலிருக்க ஒரு இறுக்கமான பட்டை. ஜன்னல் வழியாகப் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. மனைவி வந்தார், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், ஒருமுறை மேல்மாடி காலி என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டருக்கு நன்றி சொல்லக் கிளம்பினார். "டாக்டருக்கு மட்டும் சொன்னாப் போதுமா, அந்த மெஷினுக்கும் சொல்லணுமா?" என்று வாசலில் நின்று கேட்டார். சிஸ்டருக்குச் சொல் என்றார் மேல்மாடி. ஏன் அப்படிச் சொன்னோம் என்று பிறகு யோசித்தார்.

மனைவி போன பிறகுதான் மச்சான் உள்ளே வந்தார். தப்புச் செய்துவிட்டு வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை மாதிரி, கதவோரத்திலேயே நின்றார்.

"மன்னிச்சிடுங்க மாமா. நீங்க கை தூக்கினதும்… வாய் தானா வந்துடுச்சு."

"எனக்கும் கைதான் தானா போச்சு. வா, உட்காரு."

மச்சான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மேல்மாடியின் நெஞ்சில் இப்போது வலி இல்லை. ஆனால் வேறு ஏதோ அங்கே வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது, போக மாட்டேன் என்றது. மேசையில் கிடந்தபோது வந்தது அது. அப்போது அதைப் பார்க்க நேரமில்லை.

"மச்சான்."

"சொல்லுங்க மாமா."

"நான் மேல இருந்து தூக்கும்போது நீ கீழதான நிப்ப?"

"பின்ன எங்க நிப்பேன்?"

"பயமா இருக்குமா?"

மச்சான் சிரிப்பார் என்று மேல்மாடி எதிர்பார்த்தார். கிண்டலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தார். மச்சான் சிரிக்கவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கும்" என்றார்.

"எப்ப? காத்து பலமா அடிக்கறப்பவா?"

"காத்து அடிச்சாலும் இருக்கும், அடிக்கலன்னாலும் இருக்கும். தினமும் இருக்கும் மாமா."

மேலிருந்து பார்க்கும்போது ஒரு நாளும் அந்த மஞ்சள் தொப்பி பின்வாங்கியதில்லை. அந்தக் கை ஒரு நாளும் தடுமாறியதில்லை. அந்தக் கையைப் பார்த்துத்தான் அவர் தைரியமாக லிவரைப் பிடித்தார். கீழே நிற்கிறவனுக்கே பயமில்லை, உட்கார்ந்திருக்கிற எனக்கு என்ன என்றுதான் பிடித்தார். அப்படியானால் இத்தனை வருஷம் அவர் பார்த்தது எதை?

"தினமுமா? அப்ப ஏன் ஒரு நாள்கூட என்கிட்ட சொல்லல?"

மச்சான் இதென்ன கேள்வி என்பது போல அவரைப் பார்த்தார்.

"சொன்னா உங்க கை நடுங்குமே மாமா."

மேல்மாடிக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை. ஓடிவந்த சிஸ்டர், எங்கே வலிக்கிறது, நெஞ்சா, கையா என்று கேட்டார். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.